கூறு போட்ட மாத்திரைகள்

முழங்கால் வலியை அளப்பதற்கென்று ஒரு கேள்வித்தாள் இருந்தது. வெளிநாட்டில் யாரோ எழுதியது. சென்னையில் யாரோ தமிழாக்கியது. மூன்று நிபுணர்கள் சரிபார்த்துவிட்டார்கள் என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. அந்த மூன்று பேரில் ஒருவர்கூடத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவராக இருக்க முடியாது. ‘குளியல் தொட்டிக்குள் இறங்கும்போதும் அதிலிருந்து வெளியேறும்போதும் தங்களுக்கு எவ்வளவு சிரமம் ஏற்படுகிறது?’ என்பது ஒரு கேள்வி. ‘காலுறை அணியும்போது?’ என்பது இன்னொன்று. இவற்றை நான் மரக்காணம் உப்பளத்தில், பாத்திக்குள் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரில் நின்ற பெண்களிடம் கேட்டேன். கேட்டே ஆகவேண்டும். ஒரு கேள்வியை விட்டாலும் தாள் செல்லாது.

"தொட்டின்னா மாட்டுத் தொட்டியாடி?" என்று கேட்டாள் ஒருத்தி.

"நாம தொட்டியில எறங்கிட்டா மாடு எங்க போயி தண்ணி குடிக்கும்?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ‘சிரமம் இல்லை’ என்ற கட்டத்தில் குறி போட்டேன். இறங்காத தொட்டியில் என்ன சிரமம்? காலுறைக்கும் அதேதான். தாளை மட்டும் பார்த்தால், எங்கள் ஊர்ப் பெண்களைப் போல வசதியாகக் குளித்துக் காலுறை மாட்டிக்கொள்கிறவர்கள் உலகத்திலேயே கிடையாது. உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வழுக்கும் வரப்பில் ஏறுவதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. விடியுமுன் சவுக்குத் தோப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்திருப்பதைப் பற்றியும் இல்லை. அவர்களுக்கு முழங்காலில் உயிர் போவது அந்த இரண்டு இடங்களில்தான்.

அது 2006ஆம் வருடத்து உப்புக் காலம். என் வேலையின் பெயர் கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர். புதிய மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிற ஆராய்ச்சியில் ஆள் சேர்ப்பது, சம்மதம் வாங்குவது, மாத்திரை கொடுப்பது, மீதியை எண்ணுவது, எல்லாவற்றையும் எழுதி வைப்பது. கழுத்தில் புகைப்படம் ஒட்டிய அட்டை தொங்கும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். திண்டிவனத்தில் பி.எஸ்சி. முடித்தேன். ரேஷன் கடையில் மற்றவர்கள் கட்டைவிரலை மையில் அழுத்துகிற இடத்தில் நான் பதினோரு வயதிலிருந்து கையெழுத்துப் போட்டு வந்தவள். அதனால் அந்த அட்டையைப் பேருந்தில்கூடக் கழற்ற மாட்டேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

வேலை கொடுத்தவர் பாண்டிச்சேரியில் சொந்த மருத்துவமனை நடத்திய எலும்பு டாக்டர். என் மதிப்பெண் பட்டியலை அவர் பார்க்கவே இல்லை. முகவரியைத்தான் பார்த்தார்.

"மரக்காணமா? உப்பளத்துல வேலை செய்றவங்கள்ல முட்டி வலி இல்லாத ஆளே கிடையாதுன்னு சொல்றாங்களே, நிஜமா?"

"ஆமாம் சார்."

கிணறு வெட்டியவன் ஊற்றைக் கண்டதுபோல அவர் முகம் மலர்ந்தது. "மருந்துக் கம்பெனிக்காரன் சப்ஜெக்ட் கேட்டு உயிர எடுக்கறான். நீ சொன்னா உங்க ஊர்ல கேப்பாங்கல்ல?"

சப்ஜெக்ட் என்றால் நோயாளி. ஆராய்ச்சிக்குள் வந்ததும் நோயாளிக்கு அந்தப் பெயர் வந்துவிடும். சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. அங்கே ‘சப்ஜெக்டின் கண்ணியம்’ என்ற தலைப்பில் ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். நடுவில் தண்ணீர் ஜாடியை நகர்த்தி வைத்த பணியாளரைப் பார்த்து, "அறிவிருக்கா?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து கண்ணியத்தைத் தொடர்ந்தார். பிற்பகலில் சான்றிதழ் கொடுத்தார்கள். நான் அதை பிளாஸ்டிக் உறை போட்டு வைத்துக்கொண்டேன்.

ஆள் தேட நான் வெகுதூரம் போகவில்லை. என் அம்மா வேலை செய்த செட்டில் பன்னிரண்டு பெண்கள். செட்டுக்கு அம்மாதான் தலைமை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் கூறு போட்டால் ஒருத்தியும் வாய் திறந்து குறை சொல்ல மாட்டாள். காய்ச்சலில் படுத்தவளுக்கும் அன்றைய கூலியில் பங்கு உண்டு. அனுமந்தையிலிருந்து மீன் கூடை வந்தால் பன்னிரண்டு கூறு. சுனாமிக்குப் பிறகு நிவாரணம் என்று லாரி லாரியாக வந்தார்களே, அவர்கள் ஒருத்திக்குப் போர்வை, இன்னொருத்திக்கு வாளி, மூன்றாமவளுக்கு ஒன்றுமில்லை என்று கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். லாரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியதும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டச் சொல்லி அம்மா கூறு போடுவாள். ஒரு முறை போர்வையை இரண்டாகக் கிழித்தே கொடுத்தாள். படித்துக்கொண்டிருந்த எனக்கு அது காட்டுமிராண்டித்தனமாகப் பட்டது. பாதிப் போர்வையை வைத்துக்கொண்டு யாருக்குக் குளிர் போகும்?

பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் தேறினார்கள். மூன்று பேரை நான் நீக்கினேன். அம்மாவை நீக்கியதற்குக் காரணம், ஊழியரின் உறவினர் சேரக்கூடாது. இன்னொருத்திக்கு நாற்பது வயது ஆகவில்லை. மூன்றாவது, மூலை வீட்டு அக்கா.

அந்தச் செட்டிலேயே மோசமான முழங்கால் மூலை வீட்டு அக்காவுடையது. அவள் வலது காலின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "பியூட்டிஃபுல்!" என்றார். எலும்பும் எலும்பும் உரசித் தேய்ந்து இடைவெளியே இல்லாமல் போயிருந்தது. அதுதான் அழகு. அக்கா தன்னுடைய பழைய சீட்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துவந்திருந்தாள். வியாதி எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருக்கிறாள். அதில் ஒரு சீட்டு, முந்தின வருடம் வயிற்றுப் புண் வெடித்து, ரத்த வாந்தி எடுத்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடந்ததற்கானது. நாங்கள் சோதிக்கப் போவதோ வலி மாத்திரை. வயிற்றில் புண் வந்தவர்கள் அதைத் தொடவே கூடாது.

"அந்தச் சீட்டக் கிழிச்சிப் போட்டுட்டா?" என்று கேட்டாள் அக்கா.

"கிழிச்சா மட்டும்? நான்தான் பாத்துட்டனேக்கா."

"பாத்தா இன்னா? நீ நம்மூட்டுப் பொண்ணுதான?"

"அதனாலதான் சொல்றேன். இது உங்க வவுத்துக்கு ஆவாது."

"முட்டி நல்லா இருக்கறவளுக்கு எல்லாம் மாத்தர. முட்டி போனவளுக்கு இல்ல. நல்லா படிச்சடி நீ."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் விதி என் பக்கம் இருந்தது. விதி பக்கத்தில் இருந்தால் ஒரு தைரியம் வரும். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

சம்மதப் படிவம் பதினோரு பக்கம். மற்ற ஊர்க் கோஆர்டினேட்டர்கள் அதை யாருக்கும் படித்துக் காட்டுவதில்லை. "இங்க ஒரு கைநாட்டு, அங்க ஒரு கைநாட்டு, பத்து நிமிஷத்துல முடிச்சிடுவேன்" என்று பயிற்சியின்போது சாப்பாட்டு மேசையில் ஒருவன் பெருமை அடித்தான். நான் அப்படிப்பட்டவள் இல்லை. கூழ் குடிக்கிற நேரத்தில், உப்பு அம்பாரத்தின் நிழலில் எல்லோரையும் உட்கார வைத்துப் பதினோரு பக்கத்தையும் சத்தமாகப் படித்தேன். சாட்சியாக எங்கள் ஊர்த் தபால்காரர் உட்கார்ந்திருந்தார். புரியாத இடங்களை எங்கள் பேச்சில் சொன்னேன்.

"பாதிப் பேருக்கு நெஜ மாத்தர. பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாவு மாத்தர. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்."

"எவளுக்கு மாவு?" என்று கேட்டாள் அம்மா. அவள் சேராவிட்டாலும் அங்கேதான் இருந்தாள். செட்டு இருக்கும் இடத்தில் அவள் இருப்பாள்.

"தெரியாது."

"ஒனக்குமா?"

"எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு முடிவு பண்ணிடுச்சி."

"அப்போ மூணு மாசம் இந்த வெயில்ல ஒப்பு சொமந்துட்டு ஒருத்தி மாவத் துன்னுக்கினு இருப்பா?"

"ஆமா. அப்பதான மருந்து வேல செய்துதா இல்லியான்னு தெரியும்."

"யாருக்குத் தெரியும்?"

"கம்பெனிக்கு."

அம்மா சட்டியில் ஒட்டியிருந்த கூழை விரலால் வழித்தாள். "நல்ல கம்பெனி," என்றாள்.

ஒன்பது பேரும் கைநாட்டு வைத்தார்கள். ஒவ்வொன்றின் கீழும், படித்துக் காட்டினேன், புரிந்துகொண்டார் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். இவர்களுக்குப் பாதியாவது புரிந்திருந்தால் அதிகம் என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன். அந்தப் பாதியைப் புரிய வைத்ததற்காக என்னை நானே மெச்சியும் கொண்டேன்.

ஒவ்வொருவருக்கும் எண் ஒட்டிய ஒரு வெள்ளைப் புட்டி. உள்ளே நடுவில் கோடு போட்ட வெள்ளை மாத்திரை எழுபது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று, நான்கு வாரத்துக்கு ஐம்பத்தாறு. மீதிப் பதினான்கைப் புட்டியோடு திருப்பிக் கொண்டுவர வேண்டும். பதினான்கு இல்லாவிட்டால் எனக்குக் கெட்ட பெயர் வரும் என்று பத்து முறை சொல்லியிருந்தேன்.

நான்கு வாரம் கழித்து வேன் வைத்து அழைத்துவந்தோம். அம்மாவும் துணைக்கு வந்தாள். வரவேற்பறையில் இருந்த பெண் இவர்களைக் கண்டதும் அவசரமாக எழுந்து நாற்காலிகளின் மேல் பழைய செய்தித்தாளை விரித்தாள். புடவையில் உப்பு இருக்கும், நாற்காலித் துணி வீணாகிவிடும். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பதிவேட்டில் ஏதோ தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே டாக்டர் ஒவ்வொரு முழங்காலாக அழுத்தினார். முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"வலிக்குதா?"

"நீங்க அழுத்துனா வலிக்காம இன்னா பண்ணும்?" என்றாள் ஒருத்தி.

‘மிதமான வலி’ என்று எழுதச் சொன்னார்.

ஒன்பது புட்டியையும் திறந்து தட்டில் கொட்டி எண்ணினேன். ஒன்பதிலும் பதினான்கு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடுத்த வாரம் கம்பெனியின் சார்பில் மானிட்டர் வந்தார். நாங்கள் ஒழுங்காக நடத்துகிறோமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து வருகிற கண்காணிப்பாளர். சொந்தத் தண்ணீர் புட்டி, சொந்தப் பேனா, கைக்குத் தடவிக்கொள்ளச் சொந்தமாக ஒரு திரவம். அவரும் எண்ணினார். பதினான்கு.

"பெங்களூர்ல எஞ்சினியருங்க இருக்காங்க, அலாரம் வச்சும் பத்து மாத்திரை மறந்துடறாங்க. இவங்க எப்படி ஒண்ணுகூட மறக்கல?"

"நான் சொல்லிக் கொடுத்திருக்கேன் சார்," என்றேன்.

உப்பளத்தைப் பார்க்கவேண்டும் என்றார். அழைத்துப் போனேன். வரப்பில் நான்கு அடி நடந்து இரண்டு படம் எடுத்தார். ஷூவில் சேறு ஒட்டியதும் திரும்பிவிட்டார். கார்க் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்து காகிதக் கைக்குட்டையால் ஷூவைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த காகிதங்களை எங்கள் ஊருக்கே விட்டுவிட்டுப் போனார்.

அவர் பார்த்த தாள்களில் ஒரு விஷயம் பட்டவர்த்தனமாக இருந்தது. ஒன்பது பேருக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது. பாதிப் பேர் மாவைத் தின்றிருந்தால் இப்படி வருமா? மானிட்டர் கவனிக்கவில்லை. டாக்டர் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் எண்ண மட்டும்தான் தெரிந்தது.

இரண்டாம் புட்டி கொடுத்து இரண்டு வாரம் இருக்கும். அக்கினி வெயில். மூலை வீட்டு அக்கா உப்புக் கூடையோடு வரப்பில் சரிந்துவிட்டாள். காப்பித் தூளைக் கரைத்ததுபோலக் கறுப்பாக வாந்தி எடுத்தாள். சாலையில் போன மீன் வண்டியை நிறுத்தி, காலிப் பெட்டிகளை ஓரம் தள்ளி, அம்மா அவளைப் படுக்க வைத்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுவந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியைத் தாண்டி எங்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். இங்கே நான் இருந்தேன், வேறு காரணம் இல்லை.

பணியில் இருந்த டாக்டர் என் வயதுப் பெண். நாடி பிடித்துக்கொண்டே கேட்டாள். "வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டாங்களா?"

"இல்லிங்க." கேள்வி முடியுமுன்பே அம்மா சொல்லிவிட்டாள்.

"நாட்டு மருந்து?"

"ஒண்ணும் இல்லிங்க. கூழு குடிச்சா, அவ்ளோதான்."

பேசும்போது அம்மா என் பக்கம் திரும்பவில்லை. எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்காமல் பேசுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. எனக்குச் சந்தேகம் வந்தது. அக்காவின் முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். ஒரு வெற்றிலை, ஒரு சாவி, நான்கு வெள்ளை மாத்திரைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் நான் நன்றாக அறிந்த அந்தக் கோடு.

"வலி மாத்திரை சாப்பிட்டிருக்காங்க மேடம். இதுதான்," என்று அவள் கையில் கொடுத்தேன். "எத்தனை நாளான்னு கேட்டுச் சொல்றேன்."

அம்மாவை வராந்தாவுக்கு இழுத்துப் போனேன்.

"இன்னாம்மா இது?"

"கத்தாத. ஆஸ்பத்திரி."

"அக்காவுக்கு யாரு குடுத்தது?"

"நான்தான்."

"ஏது உனக்கு?"

"நீதான படிச்ச? பாதிப் பேருக்கு மாவு, எவளுக்குன்னு எவனுக்கும் தெரியாதுன்னு. அப்படி எவளாவது மூணு மாசம் மாவத் துன்னுட்டுக் கெடப்பாளா? புட்டிக்குப் பதினாலு எடுத்து வச்சிட்டு, மீதியெல்லாம் ஒண்ணாக் கொட்டிக் கலக்கிக் கூறு போட்டேன். ஆளுக்கு நாப்பத்திரெண்டு. எல்லாருக்கும் கொஞ்சம் மருந்து, கொஞ்சம் மாவு. ஒருத்தியும் ஏமாறல."

"ஆளுக்குன்னா? ஒம்போது பேருக்கா?"

"செட்டுல எத்தினி பேரு?"

"நீயும் துன்னியா?"

"எனக்கு மட்டும் முட்டி கல்லுலயா செஞ்சிருக்குது?"

"அக்காவுக்கு ஆவாதுன்னு நான் சொன்னனா, இல்லியா?"

"சொன்ன." அம்மா சுவரைப் பார்த்தாள். "அவளப் பக்கத்துல ஒக்கார வச்சிக்கினு மத்தவளுக்கு மட்டும் எண்ணிப் போட எனக்குக் கை வரல."

"டாக்டர்கிட்ட ஏன் பொய் சொன்ன?"

"உன் வேல பூடும்னு."

அம்மாவின் நியாயம் எனக்கு அன்று அழகாகத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. யாருக்கும் குறை வைக்காமல் கூறு போடுகிற கை, ஒருத்தியின் வயிறு மற்ற வயிறுகளைப் போல இல்லை என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. சாகக் கிடந்தவளின் பக்கத்தில் நின்றுகொண்டு என் வேலையைக் காப்பாற்றப் பொய்யும் சொன்னது. எனக்கு அவளை அடிக்கவேண்டும்போல இருந்தது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பதினோரு பக்கத்தையும் கேட்டு, அதில் உள்ள அநியாயம் எது என்று சரியாகக் கண்டுபிடித்தவள் அவள்தான். சான்றிதழ் வாங்கிய எனக்கு அது அநியாயம் என்றே தோன்றவில்லை.

எலும்பு டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். நடந்ததைச் சொன்னேன். அக்காவைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி:

"அந்தம்மா நம்ம ரிஜிஸ்டர்ல இருக்கா?"

"இல்ல சார். நீக்கிட்டோம்."

"அப்ப நமக்கு என்ன? ஜி.ஹெச்.க்கு அனுப்பு."

"இப்ப நகர்த்தக் கூடாதுன்னு டூட்டி டாக்டர் சொல்றாங்க சார். பி.பி. இறங்கிட்டே இருக்கு. ரத்தம் ஏத்தணும்."

"அந்தப் பொண்ணு நேத்து பாஸ் பண்ணது."

"நம்ம மாத்திரை சார்."

"நீ சொன்னாதான் அது நம்ம மாத்திரை." குரலைத் தணித்துக்கொண்டார். "யோசிச்சுப் பாரும்மா. புட்டியெல்லாம் கலந்துபோச்சுன்னு வெளிய தெரிஞ்சா இங்க ஆராய்ச்சியையே மூடிடுவான். உன் வேலை போகும். அந்த ஒன்பது பேருக்கு வைத்தியமும் போகும். நான் உங்க ஊர் ஜனங்களுக்காகத்தான் சொல்றேன்."

அதுவரை சப்ஜெக்டாக இருந்தவர்கள் அந்த நிமிடம் ஜனங்கள் ஆனார்கள். நான் சாலையைக் கடந்து எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு மானிட்டரைக் கூப்பிட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார். "இதை நீங்க எங்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்."

"சொல்லிட்டேன் சார்."

"சரி. அந்த மாத்திரை மருந்தா, மாவான்னு தெரியணும். அவசரத்துக்குன்னு ஒவ்வொரு நம்பருக்கும் ஒட்டின உறை இருக்கில்ல, அதைப் பிரிங்க. எந்த நம்பர் புட்டி?"

"ஒன்பதும் சார்."

"அவங்க சாப்பிட்ட மாத்திரை எந்தப் புட்டியோடதுன்னு கேக்கறேன்."

"தெரியாது சார். ஒன்பது புட்டியும் ஒண்ணாக் கலந்து, பன்னிரண்டு கூறு போட்டிருக்காங்க."

"ஒன்பது பேருதானே?"

"பன்னிரண்டு கூறு சார்."

அவருடைய பட்டியலில் இதற்குக் கட்டம் கிடையாது. நான் தொடர்ந்தேன். "இப்ப உங்க கம்பெனிக்குத் தெரிஞ்சிடுச்சு சார். அவங்களை இங்கிருந்து அனுப்பி வழியில உயிர் போச்சுன்னா, தெரிஞ்சும் அனுப்பினதா ஆகும். மருந்தால பாதிப்பு வந்தா கம்பெனி பாத்துக்கும்னு நானே எழுத்து விடாம படிச்சுக் காட்டியிருக்கேன். டாக்டருக்கு நீங்களே போன் பண்ணுங்க."

"அவங்க சப்ஜெக்ட் இல்லையே?"

"மாத்திரை உங்களுது சார்."

நான் திரும்பி வந்தபோது டாக்டர் தொலைபேசியில் இருந்தார். "ஆஃப்கோர்ஸ், ஆஃப்கோர்ஸ். நம்ம பேஷன்ட் மாதிரியே பாத்துக்கறோம்," என்று சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரிந்ததுதான். எனக்கு அதில் நேரம் இல்லை. அக்காவைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். நேற்று பாஸ் பண்ண அந்தப் பெண்தான் இரவு முழுவதும் பக்கத்தில் நின்றாள். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேறு இடத்திலிருந்து டாக்டர் வந்தார். நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். செட்டிலிருந்து ரத்தம் கொடுக்க வந்த ஆறு பேரையும் சோதித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொடுக்கிற அளவுக்கு ஒருத்தி உடம்பிலும் ரத்தம் இல்லை. முட்டியை மூன்று கோணத்தில் எக்ஸ்ரே எடுத்த நாங்கள் அதை ஒரு வரியில் தாண்டிப் போயிருந்தோம். ரத்தச்சோகை, லேசானது.

மூன்றாம் நாள் காலையில் அக்கா கண் திறந்து காப்பி கேட்டாள். கொடுக்கக் கூடாது என்றார்கள். நர்ஸைத் திட்டினாள். பிழைத்துவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் நிச்சயமாயிற்று.

அடுத்த மாதம் எங்கள் ஆராய்ச்சியை மூடினார்கள். மானிட்டர் இறுதி அறிக்கை கொண்டுவந்தார். டாக்டர், அவர், நான் மூன்று பேரும் கையெழுத்துப் போடவேண்டும். நடந்ததை எல்லாம் நாகரிகமாக எழுதிவிட்டுக் காரணம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம். கல்வியறிவு குறைந்த சப்ஜெக்டுகள் சம்மதப் படிவத்தைப் புரிந்துகொள்ளாததால் இந்த விதிமீறல் நேர்ந்தது.

"புரிஞ்சுதான் சார் செஞ்சாங்க," என்றேன்.

"அது இப்ப முக்கியமா?" என்றார் மானிட்டர்.

"நான் படிச்சுக் காட்டினேன். தபால்காரர் சாட்சி. இவங்களுக்குப் புரியலன்னா, புரிஞ்சதுன்னு நான் போட்ட ஒன்பது கையெழுத்தும் பொய்."

டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "கையெழுத்தைப் போட்டுட்டு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டை வாங்கிட்டுக் கிளம்பு. சும்மா மேதாவித்தனம் பண்ணாத."

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தாளில் தப்பு இருந்தால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. எழுத்து தெரியும்படி குறுக்கே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, அதற்கு மேல் சுருக்கொப்பமும் தேதியும். அந்த வாக்கியத்தின் குறுக்கே அப்படி ஒரு கோடு போட்டேன். ‘பாதிப் பேருக்கு மருந்து இல்லை என்பதை இவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அதனால்தான் பகிர்ந்துகொண்டார்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். சுருக்கொப்பம், தேதி. இலக்கணப் பிழை இருக்கிறதா என்று ஒரு முறை படித்தும் பார்த்தேன். இல்லை.

அனுபவச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அந்த அறிக்கையை வேறு தாளில் நான் இல்லாமலே எழுதிக்கொண்டிருப்பார்கள். எழுதட்டும். என் கையெழுத்து அதில் இருக்காது.

மழை தொடங்குமுன் ஒரு நாள் மூலை வீட்டு அக்காவைப் பார்க்க உப்பளத்துக்குப் போனேன். அவளால் இனிக் கூடை தூக்க முடியாது. அம்பாரத்தின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து சாக்கு மூட்டைகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். செட்டில் அவளுக்கு முழுப் பங்கு போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் அம்மா உப்பு வாரிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல வாரினாள். எங்களுக்குள் இன்னும் பேச்சு சரியாகவில்லை.

"வவுறு எப்படிக்கா இருக்குது?"

"வவுறு சரியாப் பூட்சி. முட்டி?" கோணி ஊசியை இழுத்துக்கொண்டே கேட்டாள். "அந்த மாத்தர துன்னப்ப ஒன்னர மாசம் நல்லாத் தூங்குனேண்டி. அது பேரு இன்னா?"

"பேரே வைக்கலக்கா. நம்பர்தான். இனிமே எந்த வலி மாத்தரையும் நீங்க துன்னக் கூடாது."

"அப்ப வலிக்கு?"

ஆபரேஷன், செயற்கை மூட்டு என்று தொடங்கினேன். அது எங்கே கிடைக்கும், யார் செய்வார்கள் என்று சொல்லத் தெரியாமல் நிறுத்தினேன்.

"நீ என்னிய வேணாம்னு தள்ளுன. உங்கம்மா வேணும்னு இழுத்தா," என்றாள் அக்கா. "ரெண்டு பேரும் நல்லாத்தான் சண்ட போட்டுக்கினீங்க. என் முட்டி எங்க இருந்துச்சோ அங்கியேதான் இருக்குது. இன்னா பாத்துக்கினு நிக்கற? சாக்கோட வாயப் புடி."

குனிந்து பிடித்தேன்.